கோழியின் கேறலும் அண்டை வீட்டார் உரிமையும்

கோழி முட்டையிடுவதற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. ஒரே சுவரை இருபுறமும் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிற நம் மஹல்லாக்களில், ஸலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் இரண்டு குடும்பங்களை விசாரித்துப் பாருங்கள். சொத்துத் தகராறோ, பணத் தகராறோ இராது. கொல்லையில் திரிந்த நாலு கோழிகள்தாம் காரணமாக இருக்கும்.

மேலப்பாளையம், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே இருக்கிறது. தென்னையும் முருங்கையும் நின்ற கொல்லைகள் பலவற்றில் இப்போது மாடி வீடுகள் எழும்பிவிட்டன. கோழி மட்டும் பழைய கோழியாகவே இருக்கிறது. அது காலையில் முட்டைக்குக் கேறத் தொடங்கினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இரவு வேலை முடித்து வந்து படுத்தவர், காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, ளுஹா தொழுதுகொண்டிருக்கும் மூதாட்டி என எல்லோர் காதிலும் அது விழுகிறது. மறுபக்கத்தில், அந்த முட்டைகளை விற்றுத்தான் கணவனை இழந்த ஒரு பெண் தன் வீட்டுச் செலவைச் சமாளிக்கிறாள். இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? மார்க்கம் என்ன வழி காட்டுகிறது? இதையே இம்மாதம் பார்ப்போம்.

கோழி ஏன் கேறுகிறது?

ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அதை அறிந்துகொள்ள வேண்டும். கோழியின் வயிற்றில் ஒரு முட்டை முழுமையடையச் சுமார் 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு உருவாவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் செல்கிறது. ஆகவே இன்று இட்ட நேரத்தைவிட நாளை சற்றுத் தாமதித்தே இடும். அப்படித் தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் இடாமலும் இருந்துவிடும். பெரும்பாலும் முட்டையிடுவது காலை வேளையில்தான்.

முட்டையிடும் கோழி எழுப்பும் சத்தம் இரண்டு வகை. முதலாவது, இடுவதற்கு முன் எழுப்புவது. இருட்டான, மறைவான, மெத்தென்ற ஓரிடத்தை அது தேடுகிறது. அப்படி இடம் கிடைக்காவிட்டாலும், இருக்கும் ஒரே கூட்டில் வேறொரு கோழி அமர்ந்திருந்தாலும், அங்குமிங்கும் நடந்து நீட்டி நீட்டி முறையிடும். இது வெகுநேரம் நீடிக்கும். இரண்டாவது, முட்டையிட்டு எழுந்தவுடன் கொக்கரிப்பது. தன் கூட்டத்தோடு மீண்டும் சேர்ந்துகொள்வதற்காக என்றும், முட்டை இருக்கும் இடத்திலிருந்து பகைவனின் கவனத்தைத் திருப்புவதற்காக என்றும் இதற்கு விளக்கம் கூறுகிறார்கள். இது பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னது படைப்பின் இயல்பு. அதை நாம் நிறுத்த முடியாது. முன்னது பெரும்பாலும் நம் கவனக்குறைவால் வளர்வது. அதை நாம் குறைக்க முடியும். எதைப் பொறுக்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்பது இங்கேயே பாதி தெளிவாகிவிடுகிறது.

வாயில்லா ஜீவனை ஏசலாமா?

பூமியில் ஊர்வனவும், இறக்கைகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் 6:38-ஆம் வசனம் உணர்த்துகிறது. எல்லாப் பொருட்களும் தன்னைத் துதிக்கின்றன, அந்தத் துதியை நாம் விளங்கிக்கொள்வதில்லை என்று 17:44-இல் அல்லாஹ் கூறுகிறான். சேவல் தொழுகைக்கு எழுப்புவதால் அதை ஏசலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தன் ஒட்டகத்தைச் சபித்த பெண்ணை அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியும் ஹதீஸில் இருக்கிறது.

நம் வீடுகளிலோ, "இந்தக் கோழிக்குக் கழிச்சல் வராதா?" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறோம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கல்லால் அடிக்கிறார்கள். சோற்றில் விஷம் கலந்து வைக்கிறார்கள். இது ஓர் உயிருக்குச் செய்யும் கொடுமை. பிறர் பொருளை அழிக்கும் குற்றமும் ஆகும். கொன்ற கோழிக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண்ணுக்கு நேர்ந்த கதியை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோமே!

வளர்ப்பவர் கடமை

கோழி வளர்ப்பது ஹலாலான தொழில். ஜும்ஆவுக்கு முந்தி வருவோரின் நன்மையை விளக்கும்போது ஒட்டகம், மாடு, ஆடு ஆகியவற்றோடு கோழியையும் முட்டையையும்கூட நபி (ஸல்) அவர்கள் எடுத்துக்கூறியிருக்கிறார்கள். ஆனால் ஹலாலான காரியம் என்பதற்காக அடுத்தவருக்குத் தொல்லை தரும் உரிமை வந்துவிடாது.

எவருடைய தீங்கிலிருந்து அவருடைய அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் மூமினே அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னதாக புகாரியில் வருகிறது. நபிலான தொழுகையும் நோன்பும் தருமமும் நிறைந்திருந்தும், நாவினால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்திய ஒரு பெண் நரகிற்குரியவள் என்று அவர்கள் கூறியதை அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள்.

சத்தத்தைப் பற்றியே தெளிவான பாடம் ஒன்றும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாப் இருந்தபோது சிலர் குர்ஆனை உரத்து ஓதினார்கள். திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம், ஓதுவதில் ஒருவரை மிஞ்சி மற்றவர் குரலை உயர்த்த வேண்டாம் என்று அவர்கள் தடுத்தார்கள். குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், நம் கொல்லைச் சத்தத்திற்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆகவே கோழி வளர்க்கும் தாய்மார்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தால் சத்தம் பெரிதும் குறையும்.

1. நாலைந்து கோழிகளுக்கு ஒரு முட்டைக்கூடாவது இருக்கட்டும். பழைய கூடையிலோ, அகன்ற மண்சட்டியிலோ வைக்கோல் பரப்பி இருட்டான மூலையில் வைத்தால் போதும்.

2. அந்தக் கூட்டை அண்டை வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வைக்காமல், நம் வீட்டுப் பக்கமாகவே வையுங்கள். சத்தத்தின் பெரும்பங்கை அனுபவிக்க வேண்டியவர் பலனை அனுபவிப்பவரே.

3. முட்டையிடும் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். கோழி இரவில் அடையும் கூட்டிற்குள்ளேயே முட்டையிட வசதி செய்து, தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டால், காலையில் சற்று நேரம் கழித்துத் திறந்துவிடலாம்.

4. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. அடை வைத்துக் குஞ்சு பொரிக்கத்தான் தேவை. நெருக்கமான தெருவில் பெட்டைகளை மட்டும் வளர்ப்பதே நல்லது. ஒலி மாசு பற்றி 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வந்த விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு நேரமாகக் கொண்டு, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு குறித்துள்ளன. பெட்டை கேறுவது பெரும்பாலும் விடிந்த பிறகு. சேவல் கூவுவதோ நடுச்சாமத்திலும் உண்டு.

5. இடத்துக்குத் தக்க எண்ணிக்கை வேண்டும். மூன்று கோழிக்கான கொல்லையில் பத்தை விட்டால் கூட்டுக்காகச் சண்டையும் சத்தமும் ஓயாது.

6. எச்சத்தை மறந்துவிடாதீர்கள். கோழி எச்சம் ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். நம் கோழி அடுத்த வீட்டு மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட தொழுகைத் துணியை அசுத்தப்படுத்தினால், அவர்களின் இபாதத்திற்கே நாம் இடையூறு செய்தவர்களாகிறோம்.

அண்டை வீட்டார் கடமை

அண்டை வீட்டாருக்கு நலம் செய்யும்படி 4:36-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உறவினரான அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார் இருவரையும் அது குறிப்பிடுகிறது. இந்தக் கட்டளை கோழி வளர்ப்பவருக்கு மட்டுமன்று, சத்தத்தைக் கேட்பவருக்கும் உரியது. முட்டையிட்ட கோழி சில நிமிடம் கொக்கரிப்பதைப் பொறுத்துக்கொள்வது பெரிய தியாகமா? நம் வீட்டுக் கல்யாணத்தையும், நம் பிள்ளைகளின் கூச்சலையும் அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?

பொறுக்க முடியாத தொல்லையாக இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். "லாத்தா, பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையிலே கோழியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அடைச்சு வைப்பீங்களா?" என்று கேட்டால் மறுக்கும் மனம் அரிது. அதையே நாலு பேரிடம் சொல்லி, அது கண்ணும் காதும் முளைத்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தால், கோழிப் பிரச்சினை கௌரவப் பிரச்சினையாகிவிடும். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்பதை மறக்கலாமா?

புகாரிலேயே தொடங்கினால் முடிவு யார் கையிலும் இருக்காது. நம்மவர் பலர் சென்று வாழும் சிங்கப்பூரில், சின் மிங் என்ற குடியிருப்புப் பகுதியில் தாமாகத் திரிந்த கோழிகளின் சத்தத்தைப் பற்றிச் சுமார் 20 பேர் புகார் செய்தார்கள். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 24 கோழிகள் கொல்லப்பட்டன. அதே பகுதியில் அவற்றை விரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிறகு வருந்தி என்ன பயன்?

முட்டையில் ஒரு பங்கு

குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறினார்கள். அன்பளிப்பை எந்த அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கேட்டபோது, வாசல் நெருங்கியிருப்பவருக்கு என்று விடை கிடைத்தது. ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அண்டை வீட்டுக்காரியின் அன்பளிப்பை அற்பமாக எண்ணலாகாது என்றும் பெண்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால், கேறலைக் கேட்ட வீட்டுக்கு வாரத்தில் இரண்டு முட்டை கொடுத்தனுப்புவது எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஒன்று. முட்டை கொடுத்துவிட்டதால் தொல்லை கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. அன்பளிப்பு வேறு, தொல்லையை நீக்கும் கடமை வேறு.

இவ்வளவும் செய்தும் தீரவில்லை, அடுத்த வீட்டில் நோயாளி உண்மையாகவே அவதிப்படுகிறார் என்றால் என்ன செய்வது? தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது இப்னுமாஜாவில் வரும் ஹதீஸ். நன்மையைத் தேடுவதைவிடத் தீங்கை நீக்குவது முந்தியது என்பது ஃபிக்ஹின் விதி. எனவே கோழிகளை அங்கிருந்து அகற்றத்தான் வேண்டும். அதே நேரத்தில், அவற்றையே நம்பிப் பிழைக்கும் ஏழைப் பெண்ணிடம் "விற்றுவிடு" என்று சொல்லிவிட்டு மஹல்லா ஒதுங்கிக்கொள்ளலாகாது. இடமுள்ள ஒரு வீட்டுக் கொல்லையில் அவள் கோழிகளை விட ஏற்பாடு செய்வதும், இயலாவிட்டால் வேறு வருவாய்க்கு வழி செய்வதும் அவளுடைய அண்டை வீட்டார் மீதும், ஜமாஅத்தார் மீதும் உள்ள பொறுப்பாகும். நோயாளியின் தூக்கத்தைக் காத்து, அவளுடைய அடுப்பை அணைத்துவிட்டால் அது நீதியாகுமா?

ஜிப்ரீல் (அலை) அவர்கள் இடைவிடாது வலியுறுத்தியதால், அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு உயர்ந்த உரிமை இது. நாலு கோழிகளுக்காக அதை இழந்துவிடாமல், சுவருக்கு இருபுறமும் ஸலாம் நிலைக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.