மாரிகாலக் குளிரும் வானிலை அறிவித்தலும்

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி அமலோற்பவ அன்னையின் திருநாள். அன்று காலைத் திருப்பலிக்கு வந்தவர்கள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, கைகளை இறுகக் கட்டியபடி நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து காற்று ஓய்வில்லாமல் அடித்தது. வன்னியில் எத்தனையோ மாரிகளைக் கண்ட முதியவர்களும் இப்படியொரு குளிரைத் தாங்கள் அறிந்ததில்லை என்றார்கள். இரண்டு நாட்களின் பின் தரவைப் பக்கம் போனோம். பட்டியோடு மாடுகள் விழுந்து கிடந்தன. காயம் இல்லை, நோயின் அடையாளமும் இல்லை. கால்களை மடக்கிப் படுத்த நிலையிலேயே சில இறந்திருந்தன.

மூன்று தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் அங்கே வந்து குடியேறிய ஒரு குடும்பத் தலைவருக்கு 14 மாடுகள் இருந்தன, ஒன்பது போய்விட்டன. அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “றேடியோவில மழையும் காத்தும் எண்டு சொன்னது கேட்டதுதான், சுவாமி. மழைக்கு மாடு சாகுமே எண்டு இருந்திட்டன்.”

அந்த நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 1,000க்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. நாட்டின் வளியில் தூசு கூடி, 9ஆம் திகதி பாடசாலைகளும் மூடப்பட்டதால், நச்சுக்காற்றுத்தான் மாடுகளைக் கொன்றது என்ற கதை ஊரெல்லாம் பரவியது. பரிசோதனை செய்த கால்நடை வைத்தியர்கள் கூறிய காரணம் குளிர். எமது மக்களுக்கு இதை நம்புவது கடினமாக இருந்தது. வெயிலுக்குப் பேர்போன எங்கள் பூமியில் குளிர் எப்படிக் கொல்லும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கே இந்தப் பாடத்தில் விடை தேடுவோம்.

புயல் அங்கே, குளிர் இங்கே

புயலென்றதும் எம்மவர்கள் நினைவுகூருவது நேரே எம்மீது வந்து மோதிய புயல்களை: 1964 டிசெம்பரில் வடபகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியையும் அழித்த புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி. ஆகவே “புயல் இந்தியாவுக்குப் போகிறது” என்று கேட்டதும் மனம் ஆறிவிடுகிறது. 2022இல் வந்த மண்டூஸ் புயல் எங்கள் கரையில் ஏறவேயில்லை. டிசெம்பர் 9ஆம் திகதி இரவு அது தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகில் கரை கடந்தது. முல்லைத்தீவிலிருந்து அந்த இடம் 300 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆனாலும் மாடுகள் இறந்தது இங்கே.

எமது பக்கத்துப் புயல்களில் காற்று மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே புயலின் மையம் எமக்கு வடகிழக்கே கடலில் இருக்கும்போது, அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கும் எமக்குக் காற்று வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரும். வழமையான வாடை வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீரைத் தடவிக்கொண்டு வருவதால் அதில் ஈரம் உண்டு, கடுங்குளிர் இல்லை. வடமேற்கிலிருந்து வரும் காற்றோ இந்தியப் பெருநிலத்தின் பனிக்காலக் காற்று. அதே காற்றுத்தான் அந்நாட்களில் தூசையும் கொண்டுவந்தது. மேலே முகில் மூடிச் சூரியனை மறைத்துவிட்டது. பகலிலும் சூடு ஏறவில்லை. இரவில் இழந்த உடற்சூட்டைப் பகலில் வெயில் காய்ந்து மீட்கும் வழி அடைபட்டது.

நனைந்த தோலும் வெறும் வயிறும்

நனைந்த சாக்கைச் சுற்றிக் காற்றில் வைத்த பானைத் தண்ணீர் குளிர்வதைக் கண்டிருப்பீர்கள். ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த மாட்டுக்கும் இதுவே நடக்கிறது. மயிர்களுக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் மாட்டின் போர்வை. மழை அதை அழித்துவிடும். குளிர் நாட்டுக் கால்நடைக் கைநூல்களே, உரோமம் நனைந்த மாட்டுக்கு 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் குளிர்ச் சங்கடம் தொடங்கும் என்கின்றன. அது அந்நாட்டின் கொழுத்த இனங்களுக்கான கணக்கு. எமது நாட்டுமாடு வெயிலைத் தாங்கப் படைக்கப்பட்டது: மெல்லிய தோல், குறுகிய மயிர், சூட்டை வெளியேற்றத் தொங்கும் அலைதாடி. வெயிலில் அதற்கு வரமாக இருக்கும் இவையெல்லாம் குளிர்மழையில் வினையாகிவிடுகின்றன.

இரண்டாவது காரணத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். மாட்டின் அடுப்பு அதன் வயிற்றில் இருக்கிறது. வைக்கோலும் புல்லும் முதல் இரைப்பையில் புளித்துச் செரிக்கும்போது சூடு பிறக்கிறது. வயிறு வெறுமையானால் அடுப்பு அணைந்துவிடும். காலபோகத்தில் வயலெல்லாம் பயிர் நிற்பதால் மாடுகளைத் தரவைக்கும் காட்டோரத்துக்கும் துரத்திவிடுகிறோம். அங்கே வெள்ளம் நின்றால் புல் நீருக்கடியில். மாடு முழங்கால் நீரில் நின்று பட்டினி கிடக்கும். கொட்டிலில் ஒரு பிடி வைக்கோலோடு நின்ற மாடுகள் தப்பியதையும், திறந்த பட்டியில் நின்றவை விழுந்ததையும் அந்தக் கிழமை நாங்கள் கண்டோம். முதலில் போனவை கன்றுகளும், எலும்பு தெரிந்த மாடுகளுமே.

ஆனால் நாம் செய்வது என்ன? இயந்திரத்தால் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே விட்டு, பிறகு நெருப்பு வைக்கிறோம். பங்குனியில் எரித்ததற்கு மார்கழியில் மாடு பட்டினி கிடக்கிறது. யோசேப்பு எகிப்தில் ஏழு வருடப் பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்து வைத்தார். எங்களுக்கு ஏழு நாளுக்கு வைக்கோல் இருந்தாலே போதும். நாட்டுமாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கிலோ வேண்டும். நான்கு மாட்டுக்கு ஏழு நாளைக்கு 140 கிலோ. ஒரு சிறு போருக்குள் அடங்கிவிடும்.

கமக்காரர் கேளாமல் விடும் பகுதி

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் தரும் அறிவித்தலில் முதலில் மழை வரும்: எந்த மாகாணம், எத்தனை மில்லிமீற்றர். அதன் பின் “நாட்டைச் சூழவுள்ள கடற்பிராந்தியங்களில்” என்று தொடங்கும். அந்த இடத்தில் கமக்காரர் வானொலியை நிறுத்திவிடுவார். அது மீனவர்களுக்கு உரியது என்பது அவர் எண்ணம். என் கருத்தில் மாரிகாலத்தில் கமக்காரர் கட்டாயம் கேட்கவேண்டிய பகுதி அதுதான். காற்றின் திசையும் வேகமும் அங்கேதான் சொல்லப்படுகின்றன.

கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து மணிக்கு 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று என்பது வழமையானது. விரிகுடாவில் தாழமுக்கமோ புயலோ இருக்கிறது என்று சொல்லி, வடபகுதிக் கடலில் காற்று வடக்கு அல்லது வடமேற்கு என்று மாறி, வேகமும் 50, 60 என்று ஏறினால் காதைக் கூர்மையாக்குங்கள். அதோடு உங்கள் மாகாணத்துக்குத் தொடர்ச்சியான மழையும் சொல்லப்பட்டால், “குளிர்” என்ற சொல் அறிவித்தலில் வராவிட்டாலும் குளிர் அதற்குள் இருக்கிறது. ஓரிரு மணித்தியாலம் கொட்டி ஓய்ந்து வெயில் எறிக்கும் மழை மாட்டைக் கொல்வதில்லை. காற்றோடு இரவும் பகலும் விடாது தூறும் மழைதான் பொல்லாதது. மில்லிமீற்றர்க் கணக்கை மட்டும் பார்ப்பவர், “இன்று 40தானே” என்று ஏமாந்துபோவார்.

மில்லிமீற்றர் என்றால் என்னவென்று பலர் கேட்பதுண்டு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கொட்டிலின் கூரை 20 சதுர மீற்றர் என்றால், 100 மில்லிமீற்றர் மழையில் அதன்மேல் விழுவது 2,000 லீற்றர், அதாவது பத்துப் பீப்பாய்த் தண்ணீர். கூரையிலிருந்து வடிவது எங்கே போகப்போகிறது என்பதை மழைக்கு முன்பே பார்த்து வாய்க்கால் வெட்டுங்கள்.

கைத்தொலைபேசி இல்லாத வீடுகளுக்காக எங்கள் பங்கில் மாலை அறிவித்தலைக் கோவில் ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். காற்றுத் திசை மாறினால் அதை இரண்டு தடவை வாசிப்போம். ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

தெரியாத மண்ணில்

சொந்த ஊரில் இருந்தபோது எமக்கு அறிவித்தல் அதிகம் தேவைப்படவில்லை. எந்த மூலையில் முகில் கூடினால் மழை, எந்தப் பனங்கூடலின் மறைவில் மாடு ஒதுங்கும், எந்த வாய்க்கால் முதலில் பெருகும் என்பதெல்லாம் அப்பாவும் அப்பப்பாவும் சொல்லித் தந்தவை. இடம்பெயர்ந்தபோது பாயையும் பானையையும் தூக்கி வந்தோம். அந்த அறிவைத் தூக்கி வர முடியவில்லை. அது அந்த மண்ணோடு கட்டுண்டது. புதிய இடத்தில் ஒரு மாரியை முழுமையாகக் காணும்வரை நாம் அங்கே பிள்ளைகள்தான். ஆகவே அவ்விடத்துப் பழைய குடிகளிடம் போய்க் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியால் வரும், வாடை எந்தப் பக்கம் உறைக்கும், மேட்டுநிலம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

முகாமிலும் புதிய குடியிருப்பிலும் கொட்டில்கள் வீதியைப் பார்த்துக் கட்டப்படுகின்றன. காற்றுக்கு வீதி தெரியாது. வடக்குப் பக்கம் திறந்திருக்கும் மாட்டுக்கொட்டில், கூரை இருந்தும் இல்லாததற்குச் சமன். அந்தப் பக்கத்தைக் கிடுகாலோ பனையோலைத் தட்டியாலோ சாக்காலோ நிலம்வரை மறையுங்கள். தெற்குப் பக்கம் திறந்திருக்கட்டும். காற்றுத் தடுப்பு வேலியொன்று தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைத் தணிக்கும்; ஆறடித் தட்டிக்குப் பின்னால் ஒரு சிறு பட்டியே ஒதுங்கலாம். காணி சொந்தமானால் பூவரசும் கிளிறிசீடியாவும் நடலாம். பிறர் காணியில் இருப்பவர்கள், வைக்கோற்போரையே கொட்டிலின் வடக்குப் பக்கத்தில் வைத்துத் தறப்பாளால் மூடிவிட்டால், அதுவே சுவரும் ஆகும், தீனியும் ஆகும்.

இரண்டு நாள் தவணை

புயலைப் பற்றிய அறிவித்தல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே வந்துவிடும். முதல் நாளே தரவையிலிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் இடமில்லையென்றால் கன்றுகளையும், கன்று ஈன்ற பசுக்களையும், சினைமாடுகளையும், மெலிந்தவற்றையும் உள்ளே விடுங்கள்; திடகாத்திரமான நாம்பன்கள் தட்டி மறைவில் நிற்கட்டும். நிலத்தில் உமியோ வைக்கோலோ பரப்புங்கள். ஈர நிலத்தில் படுத்த மாடு வயிற்றுப் பக்கத்தால் சூட்டை இழக்கும். ஆட்டுக்குப் பரண் வேண்டும். மழையில் ஆடு மாட்டைவிடச் சீக்கிரம் ஒடுங்கிவிடும்.

குளிரில் விறைத்த கன்றைக் கண்டால் முதலில் சாக்கால் தேய்த்துத் துடையுங்கள். வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். வாய் குளிர்ந்து, சூப்பும் பலம் இல்லாதிருந்தால் உடனே பாலை ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பைச் சூடாக்கி, தலையைத் தூக்கத் தொடங்கிய பின்னர் இளஞ்சூட்டில் பால் கொடுங்கள். அன்று பிறந்த கன்றென்றால் கடும்புப் பால்.

மனிதரிலும் இதே ஒழுங்குதான்: கைக்குழந்தைகளும் முதியவர்களும் முதலில். ஈர உடுப்பை மாற்றாமல் எத்தனை போர்வை போர்த்தாலும் பயனில்லை. நடுங்கிக்கொண்டிருந்த முதியவரின் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூங்கி விழுந்தால் அது சுகமடைந்த அடையாளமல்ல. 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். தறப்பாள் கொட்டிலை நாலு பக்கமும் அடைத்துவிட்டு உள்ளே தணற்சட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தணலிலிருந்து காபனோரொட்சைட்டு எனும் மணமில்லாத நச்சுவாயு வருகிறது, உறங்கியவர்கள் எழும்பமாட்டார்கள். தணலில் கல்லைச் சுடவைத்து, அதைத் துணியில் பொதிந்து, கையால் தொட்டுச் சூடு பார்த்துக் கால்மாட்டில் வையுங்கள்.

தை, மாசியில் வரும் குளிர் வேறு வகை. மழை ஓய்ந்து, வானம் வெளித்து, காற்றும் விழுந்த இரவுகளில் நிலத்தின் சூடு மேலே போய்விடும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது இதைத்தான். இந்தக் குளிர் மாட்டை வருத்தாது, ஏனெனில் காலையில் வெயில் உண்டு. இது பயிருக்குப் பகை. பனி ஈரம் இலையில் நீண்டநேரம் நின்றால் நெல்லில் எரிபந்தமும், உருளைக்கிழங்கில் வெளிறலும் பரவும். விடியற்காலைகளில் வயலைச் சுற்றிப் பாருங்கள். இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் யூரியா போடுவதை நிறுத்தி, விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு மாடு இறந்துபோனால், புதைக்குமுன் கிராம அலுவலருக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவித்துப் பதிவு செய்யுங்கள். காதில் இலக்கத் தகடு இருந்தால் அந்தக் காது தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். 2022இல் அவசரமாகப் புதைத்துவிட்டு, பின்னர் எத்தனை மாடு என்று காட்ட வழியில்லாமல் நின்றவர்களை நான் அறிவேன். புதைகுழி கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரத்தில், மேட்டில் இருக்கவேண்டும். அந்த இறைச்சியை யார் விலைக்குக் கேட்டு வந்தாலும் கொடுக்க வேண்டாம்.