சட்டம் அறிவோம்: வழிப்பாதைத் தகராறு

நம் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வத்தளை, ஹெந்தளைப் பக்கம் ஆறு, ஏழு பேர்ச்சஸ் காணி வாங்குகிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் காணிக்குப் போகும் பாதையைப் பற்றி விசாரிக்காமல் வாங்கினால், பிறகு அயலவரோடு தகராறுதான். ஆகவே இந்த முறை வழியுரிமை பற்றிப் படிப்போம்.

உதாரணமாக, ஹெந்தளையில் ஒருவர் தன் காணியை இரண்டாகப் பிரித்து, பின் துண்டை நம் பிள்ளைக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பாதைக்கு என்ன தம்பி, நம்ம காணியாலேயே போங்க, யார் தடுக்கப்போறா?" என்று வாயால் சொல்கிறார். நாலு வருஷம் கழித்து முன் துண்டை வேறொருவர் வாங்கி மதில் கட்டுகிறார். பழைய சொந்தக்காரர் சொன்ன வார்த்தையை அவரிடம் காட்ட முடியுமா? முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி உரிமையைக் கொடுக்கும் உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

எழுத்து இல்லாவிட்டால் வழியே இல்லையா? இரண்டு வழிகள் உண்டு.

1. பத்து வருடப் பாவனை: 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரே பாதையைப் பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாகப் பாவித்திருந்தால் வழியுரிமை கேட்கலாம். "போயிட்டு வரட்டும்" என்று அயலவர் தந்த அனுமதியில் நடந்தது இதில் சேராது.

2. அவசியப் பாதை: பொது வீதிக்குப் போக வேறு வழியே இல்லாத காணிக்கு, அயலவர் காணியூடாக நீதிமன்றம் பாதை கொடுக்கலாம். இதற்கு நட்டஈடு கட்ட வேண்டி வரும். சுற்றுவழி ஒன்று இருந்தால், "இது கிட்ட, அது தூரம்" என்பது மட்டும் போதாது.

தகராறு வந்துவிட்டால் என்ன செய்வது? மதிலை இடிக்கவோ வேலியைப் பிடுங்கவோ போக வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு நம் மேலேயே வரும். முதலில் உறுதியையும் பிளானையும் எடுத்துக்கொண்டு அயலவரோடு நிதானமாகப் பேசுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இந்தச் சபையில் செலவு குறைவு, சட்டத்தரணி தேவையில்லை. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு உதவுவார்கள். சமாதானம் ஆகாவிட்டால் அங்கே தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

அடிபிடி வரும்போல் இருந்தால் பொலிசில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் பொலிசாரோ, சம்பந்தப்பட்டவரோ விஷயத்தை ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். அந்தக் கட்டளை சண்டையைத் தடுக்கும் இடைக்கால ஏற்பாடு. உரிமை யாருக்கு என்று முடிவாகத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம்.

சமாதானமாகிக் கை கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். பாதையின் நீளம், அகலம், வாகனம் போகலாமா, தண்ணீர்க் குழாய் போடலாமா என்பதையெல்லாம் பிளானில் குறித்து, நொத்தாரிசு மூலம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அப்போது நாளைக்குக் காணி கைமாறினாலும் பாதை நிலைக்கும்.

தோட்டத்தில் உள்ளவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். அரச காணிக்கு எதிராகப் பத்து வருடக் கணக்கு செல்லாது. காணியோடு வீடு பெறும்போது, "எங்க பாதை எந்தப் பக்கம்?" என்று கேட்டு, பிளானில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

காணி வாங்கும் முன் பாதையை நடந்து பாருங்கள். அதே பாதை உறுதியிலும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அயலவர் நாளைக்கும் நம் பக்கத்திலேயே இருக்கப்போகிறவர். பாதையை இன்றே எழுதி வைத்தால் உறவும் கெடாது.