பலா மரத்துக் கணக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"ஒரு பழத்தை நம்பி ஒரு ஊரே பிழைக்க முடியுமா மாமா?" என்று போனில் கேட்டாய். வாயால் சொன்னால் பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

பண்ருட்டியைச் சுற்றிச் செம்மண் நிலம். மழை விட்ட மறுநாளே சேறில்லாமல் நடக்கலாம். பலாவுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. இந்த மண் அதற்கு வாகாக அமைந்துவிட்டது. அதே மண்ணில்தான் முந்திரியும் நிற்கிறது. போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அது. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பலா. ஆனால் சீசன் முடிந்த பிறகும் பல வீடுகளில் அடுப்பு எரிய வைப்பது முந்திரிதான். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறாயா? ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். பாயசத்தில் முந்திரி மிதக்கும்போது அந்த விரல்களையும் நினைத்துக்கொள்.

பலா சீசன் சித்திரை, வைகாசி, ஆனி. மிஞ்சிப்போனால் ஆடியிலும் கொஞ்சம் இருக்கும். அந்த மாதங்களில் கும்பகோணம் சாலையோரம் பழங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும். ஆனால் மரத்துக்காரர் கையில் பணம் அதற்கு முன்பே வந்து போயிருக்கும். பிஞ்சு விட்டதுமே பல தோப்புகளை வியாபாரிகள் குத்தகைக்குப் பேசிவிடுவார்கள். அதன் பிறகு காற்றடித்துக் காய் உதிர்ந்தால் நட்டம் வியாபாரிக்கு. விலை ஏறினால் லாபமும் அவருக்கே. இதை மோசடி என்று கோபப்படாதே. பள்ளிக்கூடச் செலவு பழம் பழுக்கும்வரை காத்திருக்காது. ஆனாலும் மரம் வளர்த்தவனைவிடக் கணக்குத் தெரிந்தவனுக்கே ஆதாயம் அதிகம் என்பது என் எண்ணம். நீ வணிகவியல் படிக்கப் போவதால் சொல்கிறேன்.

பழம் வாங்கத் தெரிந்துகொள். பலா ஒற்றைப் பழமே இல்லை. ஒரு காம்பில் நெருங்கிப் பூத்த நூற்றுக்கணக்கான பெண் பூக்களின் கூட்டம். கருவுற்ற பூ ஒவ்வொன்றும் ஒரு சுளை. கருவுறாத பூதான் நீ பிய்த்து எறியும் சடை. மகரந்தம் சேராத பக்கம் பழம் ஒடுங்கிப்போகும். அதனால் கோணல் இல்லாமல் திரண்ட பழமாகப் பார். முள் நெருங்கிக் கூராக இருந்தால் இன்னும் விளையவில்லை; விரிந்து மழுங்கியிருக்க வேண்டும். தட்டினால் 'டொப்' என்று அடங்கிய சத்தம் வரும். வாசனையை மட்டும் நம்பி ஏமாறாதே. பக்கத்துப் பழத்தின் மணமாகவும் இருக்கலாம். அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவு. கொட்டையை எறிந்துவிடாதே; முருங்கைக்காயோடு சேர்த்து உன் அத்தை வைக்கும் குழம்புக்கு ஈடு கிடையாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. நீ அப்போது கைக்குழந்தை. பொழுது விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தாத்தா வைத்த மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். கொட்டை போட்டு முளைத்த பலா காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். ஒட்டுக்கன்றுக்கே மூன்று நான்கு வருடம் வேண்டும். அதுவரை கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போனார்கள். உன் அப்பா ஊரை விட்டுப் போனதும் அப்படித்தான்.

விழுந்த மரம் வீணாகிவிடாது. முற்றிய பலா வைரம் பாய்ந்து மஞ்சளாக இருக்கும். தவில் கட்டையும் தஞ்சாவூர் வீணையும் பலா மரத்தில் செய்கிறவைதான். ஆனால் அன்றைக்கு ஊரெங்கும் மரம் கிடந்தபோது அதற்கு விலை ஏது?

புயல் அடித்த அடுத்த ஆடியில் உன் தாத்தா ஆறு கன்று வைத்தார். "பலன் பார்க்க நீங்க இருக்கணுமே" என்று கேலி செய்தேன். அவர் பதில் சொல்லவில்லை. குழி மேல் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். நாலு மரம் இப்போது அடியிலிருந்தே காய்க்கிறது. அதில் ஒன்றை மட்டும் குத்தகைக்கு விடாமல் வைத்திருக்கிறேன்.

பரீட்சை முடிந்ததும் வா. விழுப்புரத்தில் ரயில் மாறலாம். பஸ் என்றால் நேராகவே வந்துவிடலாம். பழைய சட்டை ஒன்று எடுத்து வா, பலாப் பால் பட்டால் கறை போகாது.

இப்படிக்கு,
உன் மாமா