'சுப்ரீம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களுக்கு

அந்தமானின் பாராடாங்கில் ஒருவருக்கு செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை விழுந்தால், "கவலைப்படாதே, டெல்லி வரை போகலாம்" என்று தேற்ற நாலு பேர் வருவார்கள். ஆறுதலாகச் சொல்வதுதான், ஆனால் அதை நம்பி மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டால் குடும்பமே தவிக்கும்.

நம்பிக்கை: உச்ச நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்கும்.

உண்மை: சாட்சியங்களை முழுதாக எடைபோட்டுப் பார்க்கும் இடம் உயர் நீதிமன்றம். அந்தமானுக்கு அது கல்கத்தா உயர் நீதிமன்றம். அதன் சர்க்யூட் பெஞ்ச் போர்ட் பிளேரிலேயே அமர்கிறது. அங்கே மேல்முறையீடு செய்ய 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். அதையும் தாண்டி டெல்லிக்குப் போக, பெரும்பாலான வழக்குகளில் அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின்படி சிறப்பு அனுமதி வேண்டும். அது கேட்டதும் கிடைக்கும் உரிமை அல்ல. அசாதாரணச் சூழலும் கடும் அநீதியும் தெரிந்தால்தான் அனுமதி என்று 1950இலேயே பிரீத்தம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம்கூடச் சொல்லாமல் தள்ளுபடியாகும் மனுக்கள் ஏராளம். உயர் நீதிமன்றம் விடுதலைத் தீர்ப்பை மாற்றி மரணம், ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை விதித்தால் நேரடி மேல்முறையீட்டு உரிமை உண்டு.

நம்பிக்கை: ஆட்கொணர்வு மனு போட்டு வெளியே எடுத்துவிடலாம்.

உண்மை: அமெரிக்காவில் மாநிலக் கோர்ட் தண்டித்தவர் அந்த வழியாகத்தான் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகிறார். அங்கும் 1996 முதல் ஓராண்டுக் கெடு. இங்கே அதிகாரமுள்ள நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியவரை ஆட்கொணர்வு மனுவால் மீட்க முடியாது. நக்சல்பாரித் தலைவர் கனு சன்யால் வழக்கிலேயே இது தெளிவாகிவிட்டது.

நம்பிக்கை: வக்கீலுக்குப் பணம் இல்லாதவருக்கு வழியில்லை.

உண்மை: மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். காவலில் இருப்பவர் 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கலாம். தீர்ப்பின் நகலையும் இலவசமாகத் தரவேண்டும்.

ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே கான்வாய் நேரம் பார்த்துப் போர்ட் பிளேர் போய்வருவதற்கே ஒரு நாள் கழிந்துவிடும். அதனால் தண்டனை வந்த அன்றே நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரத்திலேயே இலவச வக்கீலுக்குச் சட்ட உதவி ஆணையத்தை அணுகுங்கள்.