ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல யாரோட பாஸ்போர்ட்? – சிறு கடைகளுக்கான தரவுப் பாதுகாப்பு

டேட்டா செக்யூரிட்டின்னு சொன்னதும் வங்கியும் பெரிய ஐ.டி. கம்பெனியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா எங்க ஊர் அதிராம்பட்டினத்தை எடுத்துக்கோங்க. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய இருக்கிற ஊர். அவங்க பாஸ்போர்ட் நகல் டிராவல்ஸ்ல ஒண்ணு, ஜெராக்ஸ் கடையில ஒண்ணுன்னு தங்கிடும். "வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்பார் கடைக்கார அண்ணன். பிரிண்ட் வாங்கிட்டு நாம கிளம்பிடுவோம். ஃபைல் மட்டும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டர்ல அப்படியே கிடக்கும்.

கசிந்தால் என்ன?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கசிந்தது 2024 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. பெயர், முகவரி மட்டுமில்லை. அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை முடிவுகள்கூட அதில் இருந்தன. பாஸ்வேர்டு போச்சுன்னா மாத்திக்கலாம். பிறந்த தேதியையும் நோயையும் எப்படி மாத்துறது? பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலைமைன்னா, பூட்டே இல்லாத கடை கம்ப்யூட்டரை என்ன சொல்ல!

சட்டம் என்ன சொல்லுது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். எதுக்காக வாங்கினோமோ அந்த வேலை முடிந்ததும் தகவலை அழிக்கணும் (வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர). தகுந்த பாதுகாப்பு இல்லாமல் கசிந்தால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். அது உச்சவரம்புதான், ஆனா சின்னக் கடைக்கும் பொறுப்பு உண்டு. கடன் நோட்டில் கையால் எழுதியது இதில் வராது. அதையே ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏத்தினால் வந்துடும்.

கடைக்காரர் செய்ய வேண்டியது

1. குறைவா வாங்குங்க. பில் போட மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சொல்லிடுச்சு. ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமான்னு பாருங்க.

2. தினமும் அழிங்க. கடை சாத்தும்போது டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின், வாட்ஸ்அப் சாட் மூணையும் காலி பண்ணுங்க. டிராவல்ஸா இருந்தா, விசா, டிக்கெட் வேலை முடியிற வரைக்கும் தனி ஃபோல்டரில் வச்சிட்டு, முடிந்ததும் அழிங்க.

3. பூட்டுங்க. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டு, 5 நிமிஷத்தில் தானா லாக் ஆகிற மாதிரி வைங்க. வாட்ஸ்அப், ஜிமெயில் இரண்டுக்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. வேலையை விட்டுப் போன பையனின் போன் 'லிங்க்டு டிவைசஸ்'ல இன்னும் இருக்கான்னு பாருங்க.

4. பேக்கப் எடுங்க. கணக்கு ஃபைல்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் பாஸ்வேர்டோடு காப்பி எடுத்து, அதைக் கழற்றி வைங்க. ரான்சம்வேர் வந்தாலும் கழற்றி வச்சதைத் தொட முடியாது.

5. மறைக்காதீங்க. கசிந்தது தெரிந்தால் வாடிக்கையாளரிடம் உடனே சொல்லுங்க. பணம் போயிருந்தால் 1930-க்கு அழைக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

இந்த அஞ்சுக்கும் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். நம்மிடம் இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது என்பதுதான் இதோட அடிப்படை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, தெரிந்த கடை ஒன்றில் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டு, இரண்டாவதையும் மூணாவதையும் செஞ்சு கொடுங்க. அரை மணி நேர வேலைதான். அந்த ஃபோல்டரில் நம்ம அத்தாவோட பாஸ்போர்ட்டும் இருக்கலாம்!