வஸிய்யத் வழக்கில் மூன்றாம் தரப்பினர்

ஒருவர் மவுத்தானபின் அவர் விட்டுச்சென்ற சொத்தில் நான்கு காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து வஸிய்யத், கடைசியில்தான் வாரிசுப் பங்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள் பங்குகளை விவரிக்கும்போது, வஸிய்யத்தும் கடனும் போகத்தான் இந்தப் பங்குகள் என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. ஆனால் பாகப்பிரிவினை நீதிமன்றத்துக்குப் போகும்போது மூன்றாவது காரியம் மறக்கப்படுவதும் மறைக்கப்படுவதும் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். ஒரு மகன் தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டார். மற்ற மகன்கள் உயிருடன் இருப்பதால், இறந்தவரின் பிள்ளைகள் பாட்டனாருக்கு வாரிசாக மாட்டார்கள். அதை எண்ணிப் பாட்டனார் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த யதீம் பிள்ளைகளுக்கு வஸிய்யத்தாக எழுதிவைக்கிறார். இது செல்லும். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த உச்ச அளவு மூன்றில் ஒன்று. அந்த அளவுக்குள், வாரிசு அல்லாதவருக்கு எழுதினால் வாரிசுகளின் சம்மதம் தேவையில்லை.

பாட்டனார் காலமானபின் ஒரு மகன், தம் சகோதரரையும் சகோதரியையும் மட்டும் பிரதிவாதிகளாக்கிப் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். வாரிசுச் சான்றிதழில் பேரப்பிள்ளைகளின் பெயர் இருக்காது. வஸிய்யத் பற்றி யாரும் சொல்லாவிட்டால் நீதிபதிக்குத் தெரியவும் வழியில்லை. மூவரும் சமரசம் என்று கையெழுத்திட்டால் தீர்ப்பாணையும் ஆகிவிடும். வழக்கில் இல்லாத பிள்ளைகளை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாதுதான். ஆனால் அதற்குள் சொத்து கைமாறிவிட்டால், அவர்கள் தனி வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும்.

இதற்குச் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 10(2)இன்படி, வழக்கின் எந்தக் கட்டத்திலும் அவசியமான ஒருவரைத் தரப்பினராகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வக்கீல்கள் இதை இம்ப்ளீட் மனு என்பார்கள். பிள்ளைகள் மைனர்களானால் தாயார் காப்பாளராக நின்று மனுச் செய்யலாம். சேர்க்கப்பட்டபின் பதிலுரை தாக்கல் செய்யலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வஸிய்யத் உண்மையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை நம்பி வருபவருடையது.

யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. தீர்ப்பு தம் உரிமையை நேரடியாகத் தொடும் என்று காட்ட வேண்டும். விடுபட்டுப்போன மனைவி, மகள், தாயார் போன்ற வாரிசுகளும், வஸிய்யத்தில் பங்கு பெற்றவர்களும் (பள்ளிவாசல், மதரஸா உட்பட) இப்படிக் காட்ட முடியும். வழக்கு நடக்கும்போது ஒரு வாரிசின் பங்கை விலைக்கு வாங்கியவர் நீதிமன்ற அனுமதியுடன் சேரலாம். ஆனால் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தும். அனுதாபம் கொண்ட உறவினரும் அண்டை வீட்டாரும் சாட்சியாக வரலாமே தவிர தரப்பினராக முடியாது.

முஸ்லிம் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமில்லை. யாரேனும் அதற்கு மனுச் செய்தால், சொத்தில் உரிமைத் தொடர்புள்ளவர் கேவியட் போட்டு எதிர்க்கலாம். உயில் எழுதியவருக்கு அந்தச் சொத்தே சொந்தமில்லை என்பவர் அங்கே நுழைய முடியாது. தனி வழக்குத்தான் போட வேண்டும். பிர்லா குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாக்கியது.

செய்ய வேண்டியவை:

1. வழக்கு நடப்பது தெரிந்தவுடன் மனுச் செய்யுங்கள். தாமதம் எதிர்தரப்புக்கு ஆயுதம்.

2. வஸிய்யத்தின் நகல், இறப்புச் சான்றிதழ், எழுதும்போது உடனிருந்தவர்களின் விவரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள்.

3. வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் சிறார்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு.

4. வாய்மொழி வஸிய்யத்தும் ஷரீஅத்தில் செல்லும். ஆயினும் எழுதி, இரு சாட்சிகளின் கையெழுத்துடன் வைப்பதே பாதுகாப்பு.

வஸிய்யத்தைக் கேட்டபின் மாற்றுபவர் மீதே அதன் பாவம் என்று அல்பகரா 181ஆம் வசனம் எச்சரிக்கிறது. அடுத்த வசனம், வஸிய்யத் செய்தவரிடம் அநீதியோ தவறோ கண்டு, சம்பந்தப்பட்டவர்களிடையே சமாதானம் செய்பவர் மீது குற்றமில்லை என்கிறது. ஆகவே ஜமாஅத்தார் சமரசம் பேச உட்காரும்போது, வாரிசுகளை மட்டும் அழைக்காமல், வஸிய்யத் உண்டா, அதில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் கேட்டு, அவர்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். யதீமின் பங்கு பேச்சில் வராமலே போய்விட நாம் காரணமாகாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.