துண்டில் எழுதாதவை

கேள்வி: திருகோணமலையில் பாமசி ஒன்றில் மருந்தாளர் மாணவர்களைப் பழக்குகிறேன். மருந்தின் பெயர், விலை, இருக்கும் தட்டு எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். துண்டை ஆராய்ந்து கொடுங்கள் என்றால், “டொக்டர் எழுதியதை நாங்கள் கேள்வி கேட்கலாமா?” என்கிறார்கள். பின்னேரக் கூட்டத்தில் அதற்கு நேரமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், திருகோணமலை

பதில்: மெத்தோட்ரெக்சேட் துண்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூட்டுவாதத்துக்கு 10 மில்லிகிராம், கிழமைக்கு ஒருநாள். இந்தக் குளிசை 2.5 மில்லிகிராமிலும் வருகிறது, 10 மில்லிகிராமிலும் வருகிறது. சின்னக் குளிசை நாலு போட்டுப் பழகியவருக்குப் பெரியதை எடுத்துக் கொடுத்து “வழமைபோலப் போடுங்கோ” என்றால், 40 மில்லிகிராம் உள்ளே போகும். கிழமைக்கு ஒருநாள் என்பதைத் தினமும் என்று விளங்கிக்கொண்டால் எலும்பு மச்சையில் குருதிக்கலங்கள் உருவாவதே தடைப்படும். இப்படி உயிர்போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. வைத்தியர் எழுதியதில் பிழை இல்லை, பெட்டியிலும் இல்லை. கொடுப்பவர் வாய்க்கும் வாங்குபவர் காதுக்கும் நடுவில்தான் அது நுழைகிறது. அந்த இடத்தில் நிற்பவர் மருந்தாளர் ஒருவர்தான். துண்டை ஆராய்வதை வைத்தியருக்குப் புள்ளி போடுவதாக மாணவர்கள் நினைப்பதால்தான் தயங்குகிறார்கள்.

துண்டு சொல்லாதவை இன்னும் உண்டு. ஆஸ்பத்திரி கிளினிக்கில் பிரஷருக்கு லோசார்டன் கொடுத்திருப்பார்கள். தனியார் வைத்தியரும் அதையே ஒரு கம்பனிப் பெயரில் எழுதியிருப்பார். இரண்டையும் விழுங்குபவருக்கு அவை ஒன்றுதான் என்று தெரிய வழியில்லை. பேராசிரியர் சேனக பிபிலே மருந்துகளின் பொதுப்பெயருக்காக வாதாடியதைப் பணம் மிச்சம் பிடிக்கும் யோசனையாக மட்டும் படிப்பிப்பது போதாது. இந்தக் குழப்பத்துக்கும் மருந்து அதுவே. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் பொதுப்பெயரை வலியுறுத்துகிறது. ஆனாலும் நோயாளி கண்ணில் படுவது பெட்டியின் பெரிய எழுத்துத்தான். ஆகவே “கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ” என்பது மாணவரின் வாயில் தானாக வர வேண்டும். அடுத்தது ஒவ்வாமை. கோ-அமொக்சிக்லேவ் என்ற பெயரில் பெனிசிலின் என்ற சொல் இல்லை, உள்ளே இருக்கிறது.

நேரமில்லை என்பது சாட்டு அல்ல, உண்மைதான். எல்லோரிடமும் எல்லாம் கேட்கச் சொன்னால் மாணவர் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவார். மெத்தோட்ரெக்சேட், வார்ஃபரின், இன்சுலின், குழந்தைப் பாணி, ஐந்தாறு மருந்து எடுக்கும் முதியவர் — இங்கே மட்டும் கட்டாயம் நிற்கட்டும். பரசிற்றமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 12 கிலோ பிள்ளைக்கு 180. பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்றால் 7.5 மில்லிலீற்றர். கணக்குச் சரி, ஆனால் வீட்டுக் கரண்டி எவ்வளவு கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? ஊசியில்லாத சிறிஞ்சில் கோடு காட்டிக் கொடுத்தால் முடிந்தது. தமிழும் சிங்களமும் புழங்கும் நம் மாவட்டத்தில், உறையில் எழுதும் மொழியும் ஆளுக்கேற்ப மாற வேண்டும். கடைசியில், “எப்படிப் போடுவீங்கள், சொல்லுங்கோ” என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். தலையாட்டலைப் பதிலாக எடுக்கக்கூடாது.

வைத்தியர் கோபிப்பாரே என்பார்கள். சிலர் கோபிப்பார்கள்தான். “பிழையாக எழுதியிருக்கிறீர்கள்” என்று தொடங்கினால் யாருக்கும் கோபம் வரும். “இவருக்குக் கிளினிக்கிலும் லோசார்டன் போகிறது, இதை நிறுத்தி வைக்கவா?” என்று கேட்கலாம். மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் தொலைபேசியை மாணவரே எடுக்கட்டும். முதல் சில தடவை நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.